தரவுத்தள மென்பொருளுக்குத் தனிப் போர்ட் எண்: பதிவு செய்வதா, வேறு வழி பார்ப்பதா?

புதிதாக ஒரு தரவுத்தள சர்வரை எழுதுபவர்களும், இருக்கும் ஒன்றிலிருந்து கிளை பிரித்துத் தனியாகக் கொண்டுசெல்பவர்களும், முதல் பொது வெளியீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: இந்தச் சர்வர் எந்தப் போர்ட்டில், அதாவது ஒரே கணினியில் உள்ள சேவைகளைப் பிரித்தறிய உதவும் எந்த வாசல் எண்ணில், காத்திருக்க வேண்டும்? மேம்பாட்டுக் காலத்தில் குழுவில் ஒருவர் மனத்தில் பட்ட எண்ணைக் கட்டமைப்புக் கோப்பில் எழுதியிருப்பார். அந்த எண் அப்படியே உலகத்துக்குப் போகப்போகிறது என்று தெரிந்த பிறகுதான், இதை முறையாக ஐயானாவில் (இணைய எண்களின் பொதுப் பட்டியலைப் பராமரிக்கும் அமைப்பில்) பதிவு செய்ய வேண்டுமா, செய்தால் என்ன கிடைக்கும், செய்யாவிட்டால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்ற விவாதம் தொடங்கும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் "செய்துவிட்டால் போகிறது" என்பார் ஒருவர். பதிவு செய்யாமலேயே புகழ்பெற்ற தரவுத்தளங்களைச் சுட்டிக்காட்டி "வீண் வேலை" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

எண்களின் எல்லைகளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. போர்ட் எண் 16 பிட் அளவுடையது. ஆகவே 0 முதல் 65535 வரைதான் இடம். 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6335 என்ற இணைய நடைமுறை ஆவணம் இந்த இடத்தை மூன்றாகப் பிரிக்கிறது: 0 முதல் 1023 வரை கணினிப் போர்ட்கள், 1024 முதல் 49151 வரை பயனர் போர்ட்கள், 49152 முதல் 65535 வரை தற்காலிகப் போர்ட்கள். முதல் பகுதியில் இடம் பெறுவதற்கு இணையப் பொறியியல் பணிக்குழுவின் பரிசீலனையோ அதன் வழிநடத்தும் குழுவின் ஒப்புதலோ தேவை. ஒரு தரவுத்தளம் அங்கே போய் நிற்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. மூன்றாம் பகுதி எவருக்கும் எப்போதும் ஒதுக்கப்படுவதில்லை. நடுப்பகுதியில்தான் வல்லுநர் பரிசீலனையின் பேரில் எண்கள் தரப்படுகின்றன. தரவுத்தளங்களைப் பொறுத்தவரை பதிவு என்றாலே இந்தப் பகுதியில் செய்யும் பதிவுதான்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், அந்த எண்ணை யார் தட்டச்சு செய்யப் போகிறார்கள் என்பது. சர்வரும், அதோடு இணையும் மென்பொருளான கிளையன்ட்டும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால், எண் ஒரு கட்டமைப்பு வரி மட்டுமே, நாளைக்கே மாற்றலாம். மாறாக, நீங்கள் அறியாத ஒருவர் நீங்கள் எழுதாத கிளையன்ட் நூலகத்தைக் கொண்டு, சர்வரின் பெயரை மட்டும் கொடுத்து, போர்ட்டைக் குறிப்பிடாமலேயே இணைய முயல்வார் என்றால், அந்த எண் உங்கள் நெறிமுறையின் ஒரு பகுதியாகிவிட்டது.

இரண்டாவது, பின்னர் மாற்றுவதற்கு ஆகும் செலவு. இயல்புநிலைப் போர்ட் எண் (வேறு எண் கொடுக்காதபோது தானாகப் பயன்படுவது) வெளியீட்டுக் கோப்பில் மட்டும் தங்குவதில்லை. ஃபயர்வால் விதிகளிலும், கண்டெய்னர் வரையறைகளிலும், கண்காணிப்புக் கருவிகளிலும், பயிற்சிக் குறிப்புகளிலும், பிறர் எழுதிய டிரைவர்களிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. சர்வரில் ஒரு வரியை மாற்றிவிடலாம்; மற்ற இடங்களை மாற்ற உங்களுக்கு அதிகாரமே இல்லை.

மூன்றாவது மோதல். அதே எண்ணை வேறொரு மென்பொருள் எடுத்துக்கொள்வது ஒருவகை. இயக்க முறைமையே வெளிச்செல்லும் இணைப்புகளுக்காக அந்த எண்ணைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்வது இன்னொருவகை. இரண்டாவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. இவற்றோடு, வலைப்பின்னல் கருவிகள் அந்தப் போக்குவரத்தை அடையாளம் காணுமா, விண்ணப்பமும் பராமரிப்பும் எவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்பவற்றையும் பார்க்கலாம். ஆனாலும் முதல் இரண்டு அளவுகோல்களே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது என் கணிப்பு; மற்றவை அவற்றுக்குள் அடங்கிவிடும்.

பாதுகாப்பை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அறியப்படாத எண்ணில் இருந்தால் தாக்குபவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. 2017இன் தொடக்கத்தில் இணையத்துக்குத் திறந்து கிடந்த ஏராளமான மாங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, மீட்புப் பணம் கேட்டுக் குறிப்புகள் வைக்கப்பட்டபோது, காரணமாக இருந்தவை கடவுச்சொல் கேட்காத கட்டமைப்பும் பொது முகவரியில் காத்திருந்ததுமே. மாங்கோடிபியின் இயல்புநிலை எண்ணான 27017 அல்ல. கதவிலக்கத்தை மாற்றுவது கதவைப் பூட்டுவதாகாது.

## வழி 1: ஐயானாவில் பயனர் போர்ட்டைப் பதிவு செய்தல்

விண்ணப்பம் இணையப் படிவம்தான். பதிவின் உரிமையாளர், தொடர்புக்குரியவர், சேவைப் பெயர், விரும்பும் எண், எந்தப் போக்குவரத்து நெறிமுறை என்பனவற்றோடு, இந்தச் சேவைக்கு ஏன் தனி எண் தேவை, இருக்கும் வழிகள் ஏன் போதவில்லை, நெறிமுறை எப்படி இயங்குகிறது, பாதுகாப்பு எப்படிக் கையாளப்படுகிறது என்பவற்றையும் விளக்க வேண்டும். சேவைப் பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். எழுத்து, எண், இணைப்புக்கோடு மட்டுமே வரலாம். குறைந்தது ஓர் எழுத்தாவது இருக்க வேண்டும். இணைப்புக்கோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது. "எங்கள் தயாரிப்பு பிரபலமாகப் போகிறது" என்பதை வல்லுநர்கள் காரணமாக ஏற்பதில்லை. ஒருவரையொருவர் முன்பின் அறியாத கிளையன்ட்டும் சர்வரும் முன்னேற்பாடு இல்லாமல் சந்திக்க வேண்டியிருக்கிறது என்பதே ஏற்கத்தக்க காரணம்.

பதிவு தருவது என்ன? பொதுப் பட்டியலில் உங்கள் சேவைப் பெயருக்கு எதிரே ஓர் எண் இருக்கும். அதே எண்ணைக் கேட்டு வேறொருவர் விண்ணப்பித்தால் மறுக்கப்படும். இயக்க முறைமைகளோடு வரும் சேவைப் பட்டியலிலும், பொட்டலங்களை ஆராயும் கருவிகளிலும் அந்தப் பெயர் நாளடைவில் வந்து சேரும். போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎலின் 5432, மைஎஸ்கியூஎலின் 3306, எஸ்கியூஎல் சர்வரின் 1433, ரெடிஸின் 6379, கவுச்டிபியின் 5984, நியோ4ஜேயின் போல்ட் நெறிமுறைக்குரிய 7687 ஆகியவை இப்படிப் பதிவில் உள்ளவை. (ரெடிஸின் எண் தொலைபேசி விசைப்பலகையில் நான்கு எழுத்துகளைத் தட்டியதால் பிறந்தது. எண்ணைத் தேர்ந்தெடுத்த காரணம் வேடிக்கையாக இருந்தாலும் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கத்தான் செய்கிறது.)

பதிவு தராததையும் அதே அளவு தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை வேறு யாரும் பயன்படுத்தாமல் தடுக்கும் அதிகாரம் ஐயானாவுக்கு இல்லை. அந்த எண்ணில் வரும் போக்குவரத்தெல்லாம் உங்கள் நெறிமுறைதான் என்ற உறுதியும் இல்லை. எனவே இணைப்பின் முதல் சில பைட்டுகளிலேயே நெறிமுறை தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும். பதிவு என்பது தரச்சான்றும் அல்ல. இவற்றை 2015இல் வந்த ஆர்எஃப்சி 7605 விரிவாகவே பேசுகிறது. விண்ணப்பிக்கும் முன் அதைப் படித்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

மறைந்த செலவுகளில் முதலாவது, ஒரு சேவைக்கு ஓர் எண்தான் என்ற கொள்கை. குறியாக்கம் செய்த இணைப்புக்கு ஓர் எண், செய்யாததற்கு ஓர் எண், நெறிமுறையின் இரண்டாம் பதிப்புக்கு இன்னோர் எண், கிளஸ்டர் கணுக்களுக்கு (ஒன்றுசேர்ந்து இயங்கும் கணினிகளுக்கு) இடையே பேச வேறோர் எண் என்று வரிசையாகக் கேட்பது இன்று எடுபடாது. குறியாக்க நெறிமுறையான டிஎல்எஸ்ஸுக்கு மாறுவதும் பதிப்பை முடிவுசெய்வதும் ஒரே இணைப்புக்குள் நடக்கும்படி நெறிமுறையை வடிவமைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் நெடுங்காலமாகவே இப்படித்தான் செய்கிறது: கிளையன்ட் 5432இல் இணைந்து, குறியாக்கம் வேண்டும் என்று ஒரு சிறு செய்தி அனுப்புகிறது, சர்வர் ஒற்றை எழுத்தில் சம்மதத்தையோ மறுப்பையோ சொல்கிறது, அதன் பிறகே குறியாக்கத்தை இருவரும் ஒப்புக்கொள்ளும் கைகுலுக்கல் தொடங்குகிறது. இந்த வசதி இல்லாத நெறிமுறையோடு விண்ணப்பித்தால், எண் கிடைப்பதற்கு முன்னால் நெறிமுறையைத் திருத்தும் வேலை வந்துவிடும். அது நல்லதுதான், ஆனால் கால அட்டவணையில் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, போக்குவரத்து நெறிமுறை. முன்பு, இணைப்பை ஏற்படுத்திப் பேசும் டிசிபிக்குக் கேட்டால், இணைப்பில்லாமல் பொட்டலம் அனுப்பும் யுடிபியும் சேர்ந்தே ஒதுக்கப்பட்டது. ஆர்எஃப்சி 6335க்குப் பிறகு கேட்டது மட்டுமே ஒதுக்கப்படுகிறது. "எதற்கும் இருக்கட்டும்" என்று யுடிபியையும் திறந்துவைக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தற்காலிகச் சேமிப்பு மென்பொருளான மெம்கேஷ்டி சாட்சி: 2018 பிப்ரவரியில் அதன் 11211 யுடிபி போர்ட்டைப் பெருக்கியாக (சிறு கேள்விக்குப் பெரிய பதிலை இலக்கின் மீது கொட்டுவதாக) பயன்படுத்தி கிட்ஹப் மீது தொடுக்கப்பட்ட தாக்குதல் நொடிக்கு 1.35 டெராபிட் அளவைத் தொட்டது. அதன் பின் மெம்கேஷ்டியில் யுடிபி இயல்பாகவே அணைத்துவைக்கப்பட்டது.

மூன்றாவது செலவு எண்ணின் இருப்பிடத்தைப் பொறுத்தது; இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். லினக்ஸ் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு எடுத்துக்கொள்ளும் தற்காலிகப் போர்ட்கள் இயல்பாக 32768 முதல் 60999 வரை. அதாவது ஐயானா பயனர் போர்ட் என்று ஒதுக்கும் பகுதியின் மேல்பாதியில் கணிசமான பங்கை லினக்ஸ் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கிறது. மைஎஸ்கியூஎலின் எக்ஸ் நெறிமுறைக்குப் பதிவான 33060 இந்த வளையத்துக்குள்தான் விழுகிறது. சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்கும் அந்தச் சில நொடிகளில், அதே கணினியில் ஓடும் வேறொரு நிரல் எங்கோ வெளியே இணைய முயன்று, இயக்க முறைமையின் மையமான கெர்னல் அதற்கு 33060ஐக் கொடுத்துவிட்டால், தரவுத்தளம் எழும்போது "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்ற பிழை வரலாம். எப்போதாவது மட்டும் நிகழ்வதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். கெர்னலில் அந்த எண்ணை ஒதுக்கிவைக்கும் அமைப்பு இருக்கிறது என்றாலும், அதை நிறுவுபவர்தான் செய்ய வேண்டும். கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ், வெளியிலிருந்து அணுகப்படும் தன் நோட்போர்ட் சேவைகளுக்கு 30000 முதல் 32767 வரை வைத்துக்கொள்கிறது. விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸ் பதிப்புகள் தற்காலிகத் தேவைக்கு 1025 முதல் 5000 வரை எடுத்தன. ஆகவே விரும்பும் எண் என்ற கட்டத்தை நிரப்பும்போது 5001க்கும் 29999க்கும் இடையே தேடுவதே விவேகம். எச்டிடிபி வழியாகவும் பேசும் தரவுத்தளமானால், உலாவிகள் பாதுகாப்புக் காரணமாகத் தடுத்துவைத்திருக்கும் 6000, 10080 போன்ற எண்களையும் தவிர்க்க வேண்டும்.

நான்காவது, உரிமை. பதிவு செய்த எண்ணை விற்கவோ மற்றொருவருக்கு மாற்றிக்கொடுக்கவோ முடியாது. இரு தரப்பும் சம்மதித்தாலும் விதி இடம் தராது. தேவையில்லையென்றால் ஐயானாவிடம் திருப்பித் தரலாம், அவ்வளவுதான். ஒரு தனி மேம்பாட்டாளர் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிட்டுத் திட்டத்தை விட்டு விலகினால், விவரங்களைத் திருத்துவதற்கே சிரமப்பட வேண்டியிருக்கும். திட்டத்தின் பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ, தனிமனிதரைச் சாராத மின்னஞ்சல் முகவரியுடன் விண்ணப்பிப்பது பின்னால் பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காலம். ஆரக்கிளின் நிலையைப் பாருங்கள். இணைப்புகளை ஏற்கும் அதன் லிஸனர் பல பத்தாண்டுகளாக 1521இல் காத்திருக்கிறது. ஐயானா பட்டியலிலோ 1521 என்கியூப் என்ற வேறொரு நிறுவனத்தின் உரிம மேலாளருக்கு உரியது. ஆரக்கிள் முறைப்படி 2483ஐயும், டிஎல்எஸ்ஸுக்கு 2484ஐயும் பதிவு செய்து, வருங்காலத்தில் இயல்புநிலை அங்கே மாறலாம் என்று ஆவணங்களிலும் எழுதியது. ஆனால் தரவுத்தள நிர்வாகிகளின் விரல்கள் இன்றும் 1521ஐத்தான் தட்டுகின்றன. புழக்கம் ஓர் எண்ணில் வேரூன்றிய பின் செய்யப்படும் பதிவு, பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே நின்றுவிடும். பதிவு செய்வதென்றால் முதல் பொது வெளியீட்டுக்கு முன்னால் செய்ய வேண்டும். பின்னால் செய்வதானால், ஏற்கெனவே புழங்கும் அதே எண் இன்னும் ஒதுக்கப்படாமல் இருந்தால் மட்டுமே பொருள் உண்டு.

சொந்த நெறிமுறை, பலர் எழுதும் கிளையன்ட்கள், யாரும் பதிவிறக்கி நிறுவும் சர்வர் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் இதுவே சரியான வழி.

## வழி 2: பதிவில்லாமல் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுதல்

நடைமுறையில் அதிகம் பேர் செய்வது இதுதான், இதைச் செய்து வெற்றி பெற்றவர்களும் உண்டு. எலாஸ்டிக்சர்ச் 9200இல் இயங்குகிறது. பட்டியலில் அந்த எண் பழைய கைபேசி இணைய நெறிமுறையான வாப்புக்கு உரியது. முழுச் சேவைப் பட்டியல் நிறுவப்பட்ட கணினியில், எண்களைப் பெயராக மாற்றிக் காட்டும்படி இணைப்புகளைப் பட்டியலிட்டால், எலாஸ்டிக்சர்ச்சுக்கு எதிரே "வாப்-டபிள்யூஎஸ்பி" என்று வந்து நிற்கும். புதிதாகப் பணிக்கு வந்தவர் ஒருவர் அதைப் பார்த்துத் திகைப்பது வழக்கமான காட்சி. இன்ஃப்ளக்ஸ்டிபியின் 8086, கிளிக்ஹவுஸின் 9000 ஆகியவையும் பட்டியலில் வேறு பெயர்களுக்கு உரியவையே. இவற்றில் 9000 பெரும் தொல்லை. பிஎச்பியின் எஃப்பிஎம், மினியோ, சோனார்கியூப் என்று பலரும் அங்கேயே வந்து உட்கார்ந்திருப்பதால், ஒரு மேம்பாட்டாளரின் மடிக்கணினியில் இவற்றில் இரண்டு சேர்ந்தாலே மோதல் நிச்சயம்.

இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு 5433. போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎலின் எண்ணுக்கு அடுத்த எண் என்பதால் அது காலியாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் அது பைரோ என்ற தரவுத்தளத்துக்கு முறைப்படி பதிவானது. வெர்ட்டிகா அதையே இயல்புநிலையாக வைத்திருக்கிறது. யுகாபைட்டும் தன் எஸ்கியூஎல் இடைமுகத்துக்கு அதையே வைத்திருக்கிறது. டெபியனில் இரண்டாவது போஸ்ட்கிரெஸ் கிளஸ்டரை உருவாக்கினால், காலியாக உள்ள அடுத்த எண் என்று கருவி 5433ஐத்தான் கொடுக்கும். பதிவு செய்து உரிமையோடு இருப்பவர் இந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டுமே. மற்றவர்களை அகற்ற அவரால் ஏதும் செய்ய முடியவில்லை. பதிவின் வரம்பு, பதிவின்மையின் தொந்தரவு ஆகிய இரண்டையுமே இந்த ஒற்றை எண் காட்டிவிடுகிறது.

இந்த வழியின் உண்மையான செலவு, நீங்கள் எடுத்த எண்ணை ஐயானா நாளை வேறொருவருக்கு ஒதுக்கிவிடலாம் என்பது. பட்டியலில் அனுமதியற்ற பயன்பாடு குறித்து வந்த புகார்களைக் குறித்துவைக்கவே ஒரு நெடுவரிசை இருக்கிறது. ஒரே நிறுவனத்துக்குள் ஓடும் தரவுத்தளம், ஆய்வுக்கூட முன்மாதிரி, எண்ணை எப்போதும் வெளிப்படையாகக் கொடுத்தே இணையும் அமைப்பு ஆகியவற்றுக்கு இது போதும். அங்கே பதிவுக்கு விண்ணப்பிப்பதே பொதுவளத்தை வீணாக்குவதாகும். விண்ணப்பித்தாலும் கிடைக்காமல் போகலாம்.

## வழி 3: ஏற்கெனவே இருக்கும் நெறிமுறையின் எண்ணிலேயே நிற்பது

உங்கள் சர்வர் புதிதாக இருந்தாலும் அது பேசுவது பழைய நெறிமுறையாக இருக்கலாம். ஐயானா எண் தருவது தயாரிப்புக்கு அல்ல, சேவைக்கு. மரியாடிபி 3306இல் இயங்குவது ஆக்கிரமிப்பு ஆகாது, ஏனென்றால் அது மைஎஸ்கியூஎல் நெறிமுறையைத்தான் பேசுகிறது. இன்டர்பேஸுக்குப் பதிவான 3050இலேயே அதிலிருந்து கிளைத்த ஃபயர்பேர்ட் இன்றும் இயங்குகிறது. கிளை பிரிக்கும் திட்டங்களுக்கு இது பெரிய வரம்: பழைய கிளையன்ட்கள், பழைய ஃபயர்வால் விதிகள், பழைய கண்காணிப்புக் கருவிகள் அனைத்தும் முதல் நாளிலேயே வேலை செய்யும்.

சிக்கல் இரண்டு இடங்களில் வரும். ஒன்று, இடம்பெயர்வுக் காலத்தில் பழையதும் புதியதும் ஒரே கணினியில் அருகருகே ஓட வேண்டியிருப்பது. மற்றொன்று, பொருத்தம் முழுமையாக இல்லாதபோது கிளையன்ட்கள் உங்களை அசல் என்றே நம்பிச் சில வசதிகளைக் கேட்டு உடைவது. இதனால்தான் நெறிமுறையைக் கடன் வாங்கிய சிலர் எண்ணைக் கடன் வாங்குவதில்லை: காக்ரோச்டிபி போஸ்ட்கிரெஸ் நெறிமுறையைப் பேசினாலும் 26257இல் காத்திருக்கிறது, டைடிபி மைஎஸ்கியூஎல் நெறிமுறையைப் பேசினாலும் 4000இல் காத்திருக்கிறது. என் பார்வையில், அசலின் இடத்தில் அப்படியே வைத்து மாற்றக்கூடிய தயாரிப்பானால் அதே எண். "பெரும்பாலும் பொருந்தும்" என்று சொல்ல வேண்டிய தயாரிப்பானால் வேறு எண்.

## வழி 4: தற்காலிகப் பகுதியில் எண்ணை எடுத்து, இருப்பிடத்தை வேறோர் இடத்தில் கேட்டறிவது

49152க்கு மேல் நிலையான இயல்புநிலை எண்ணை வைக்கவே கூடாது; அந்தப் பகுதி நொடிக்கு நொடி கைமாறுவது. ஆனால் ஒவ்வொரு முறையும் காலியான எண்ணைப் பெற்று, அதை ஒரு வழிகாட்டிச் சேவையிடம் தெரிவிக்கும் அமைப்பு சாத்தியம். எஸ்கியூஎல் சர்வரின் பெயரிட்ட இன்ஸ்டன்ஸ்கள் (ஒரே மென்பொருளின் தனித்தனி இயக்கங்கள்) இப்படித்தான் இயங்குகின்றன. எண் என்ன என்பதை 1434 யுடிபியில் இருக்கும் உலவிச் சேவை சொல்கிறது. ஒரே கணினியில் பல இன்ஸ்டன்ஸ்கள் ஓடும் சூழலுக்கு இது வசதி. ஆனால் ஃபயர்வால் நிர்வாகி எந்த எண்ணைத் திறப்பது என்று தெரியாமல் தவிப்பார், கடைசியில் நிலையான எண்ணையே கட்டாயப்படுத்துவார். வழிகாட்டியும் ஒரு தாக்குதல் வாசல்தான்: 2003 ஜனவரியில் ஸ்லாமர் புழு பரவியது அந்த 1434இல் இருந்த பிழை வழியாகவே.

## வழி 5: சேவைப் பெயரை மட்டும் பதிந்து, எண்ணை டிஎன்எஸ்ஸில் வைப்பது

ஐயானாவில் எண் இல்லாமல் சேவைப் பெயரை மட்டும் பதிவு செய்ய முடியும். முந்தி வந்தவருக்கு முன்னுரிமை என்ற முறையில் தரப்படுவதால் பரிசீலனை எளிது. இதை அறியாமலேயே பலர் எண்ணுக்கு விண்ணப்பிக்கிறார்கள். பெயர் கையில் இருந்தால், 2000இல் வந்த ஆர்எஃப்சி 2782 வரையறுத்த எஸ்ஆர்வி பதிவுகளைக் கொண்டு, எந்தக் கணினியில் எந்தப் போர்ட்டில் சேவை இருக்கிறது என்பதை, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வழியாகவே அறிவிக்கலாம். மாங்கோடிபி 2017இல் 3.6 பதிப்போடு கொண்டுவந்த இணைப்பு முகவரி வடிவம் இதையே செய்கிறது: பயனர் ஒரு பெயரைக் கொடுத்தால் போதும், கிளஸ்டரின் எல்லாக் கணுக்களும் அவற்றின் போர்ட்களும் தெரிந்துவிடும். கணுக்களைச் சேர்க்கும்போதோ எடுக்கும்போதோ கிளையன்ட் பக்கத்தில் எதையும் தொட வேண்டியதில்லை.

விலை என்னவென்றால், நீங்கள் ஆதரிக்கும் ஒவ்வொரு மொழியின் கிளையன்ட் நூலகமும் எஸ்ஆர்வி தேடலைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான பெயர்த் தேடல் செயற்கூறுகள் அதைச் செய்வதில்லை. தனிக் கணினியில், டிஎன்எஸ் நிர்வாகம் இல்லாத சிறு வலைப்பின்னலில், நேரடி ஐபி முகவரியோடு இணைபவர்களுக்கு இது உதவாது; எனவே பின்துணையாக ஓர் இயல்புநிலை எண் தேவைப்பட்டுவிடுகிறது. மாங்கோடிபியே 27017ஐப் பதிவில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறது. டிஎன்எஸ் பதிலை நம்பி எங்கே இணைவது என்று முடிவு செய்வதால், டிஎல்எஸ் சான்றிதழ் சரிபார்ப்பு இங்கே விருப்பத்துக்கு விடக்கூடியது அல்ல. மேகச் சேவையாக மட்டுமே வழங்கப்படும் தரவுத்தளத்துக்கு இது மிகப் பொருத்தம்.

## வழி 6: 443இல் டிஎல்எஸ்ஸுக்குள் நெறிமுறையை அறிவிப்பது

2014இல் ஆர்எஃப்சி 7301 வரையறுத்த ஏஎல்பிஎன் நீட்டிப்பின்படி, கிளையன்ட் டிஎல்எஸ் கைகுலுக்கலின்போதே எந்த நெறிமுறையைப் பேசப்போகிறது என்று சொல்லிவிடுகிறது. ஆகவே ஒரே போர்ட்டில் பல சேவைகள் இருந்தாலும் முன்னால் நிற்கும் சுமைப் பகிர்வி உரிய இடத்துக்கு அனுப்பலாம். 2024இல் வந்த போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் 17, நான் மேலே சொன்ன ஓர் எழுத்து விசாரணையைத் தவிர்த்து நேரடியாக டிஎல்எஸ்ஸில் தொடங்கவும், அப்போது ஏஎல்பிஎன் வழியாகத் தன் பெயரைச் சொல்லவும் கற்றுக்கொண்டது. கடுமையான ஃபயர்வாலுக்குப் பின்னால் உள்ள வாடிக்கையாளர்களை அடைய இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் சான்றிதழ் இல்லாமல் முதல் இணைப்பே நடக்காது. மடிக்கணினியில் ஒரு நிமிடத்தில் நிறுவிச் சோதிக்க விரும்புபவருக்கு அது பெரிய தடை. வழியில் டிஎல்எஸ்ஸைத் திறந்து பார்க்கும் நிறுவனப் பிராக்ஸிகள் (இடைநிலைச் சர்வர்கள்) எச்டிடிபி அல்லாததைக் கண்டால் வெட்டிவிடுவதும் உண்டு. அதோடு 443 கணினிப் போர்ட் என்பதால் அதில் காத்திருக்க வழக்கமாகக் கூடுதல் உரிமை வேண்டும். சாதாரணப் பயனராக ஓட வேண்டிய தரவுத்தளச் செயல்முறைக்கு அது உகந்ததல்ல, முன்னால் ஒரு பிராக்ஸி தேவைப்படும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | முன்னேற்பாடில்லாக் கிளையன்ட் | மோதல் வாய்ப்பு | பின்னர் மாற்றுவது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஐயானா பதிவு | இணையும் | குறைவு, எண்ணின் இடத்தைப் பொறுத்தது | மிகக் கடினம் | நெறிமுறையை ஒரே போர்ட்டுக்கு ஏற்பத் திருத்துதல் |
| பதிவில்லா எண் | புகழ் வந்த பின் இணையும் | அதிகம் | மிகக் கடினம் | எண் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம் |
| பழைய நெறிமுறையின் எண் | உடனே இணையும் | அசலோடு ஒரே கணினியில் மட்டும் | தேவைப்படாது | அரைகுறைப் பொருத்தம் |
| தற்காலிக எண் + வழிகாட்டி | வழிகாட்டி இருந்தால் | இல்லை | எளிது | ஃபயர்வால், கூடுதல் சேவை |
| சேவைப் பெயர் + எஸ்ஆர்வி | நூலகம் ஆதரித்தால் | இல்லை | மிக எளிது | டிஎன்எஸ் நிர்வாகம் |
| 443 + ஏஎல்பிஎன் | நூலகம் ஆதரித்தால் | இல்லை | எளிது | சான்றிதழ், பிராக்ஸி |

முதல் இரண்டு வரிகளில் "பின்னர் மாற்றுவது" என்ற கட்டம் ஒன்றுபோல இருப்பதைக் கவனியுங்கள். பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் எண் ஒட்டிக்கொள்வது ஒட்டிக்கொள்ளத்தான் போகிறது. வேறுபாடு, ஒட்டிக்கொண்ட எண் உங்களுடையதாகப் பட்டியலில் இருக்கிறதா என்பதில் மட்டுமே.

## யார் எதை எடுப்பது

திறந்த மூலத் தரவுத்தளம், சொந்த நெறிமுறை, இன்னும் வெளியிடவில்லை என்றால் பதிவு செய்யுங்கள். சேவைப் பெயரும் அதோடு வந்துவிடும், பின்னால் எஸ்ஆர்வி ஆதரவைச் சேர்க்கவும் அதே பெயர் பயன்படும். ஏற்கெனவே வெளியிட்டுச் சில ஆண்டுகள் ஆகி, புழங்கும் எண் பட்டியலில் காலியாக இருந்தால், இன்றே அதே எண்ணைக் கேட்டு விண்ணப்பியுங்கள். அது வேறொருவருக்குப் போய்விட்டிருந்தால் புதிய எண்ணுக்கு மாற முயல வேண்டாம். ஆரக்கிளுக்கே கைகூடாத மாற்றம் சிறிய திட்டத்துக்குக் கைகூடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அந்த உழைப்பை எஸ்ஆர்வி ஆதரவில் போடுவது மேல். நிறுவனத்துக்குள் மட்டும் ஓடுவதற்கு 5001–29999 பகுதியில் பட்டியலில் இல்லாத எண்ணைத் தேர்ந்து உள் ஆவணத்தில் எழுதிவைத்தால் போதும்.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் காலத்தில் என்ன செய்வது என்பதும் அடிக்கடி வரும் ஐயம். கேட்ட எண்ணே கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டு அதைச் சோதனை வெளியீட்டில் போட்டுவிடக் கூடாது. வல்லுநர்கள் வேறோர் எண்ணைத் தந்தால் பழைய எண் வெளியே சுற்றிக்கொண்டே இருக்கும். அதுவரை சர்வர் இயல்புநிலை எண்ணே இல்லாமல், எண்ணைக் கட்டாயமாகக் கேட்கும்படி இருக்கட்டும். சோதனை செய்பவர்கள் ஆளுக்கோர் எண்ணை வைத்துக்கொள்வார்கள், எதுவும் எங்கும் வேரூன்றாது. எண் கைக்கு வந்ததும் மூலநிரலில் ஒரே இடத்தில் மாறிலியாக எழுதுங்கள். லினக்ஸ் பகிர்வுகளின் சேவைப் பட்டியல்கள் தாமதமாகவே புதுப்பிக்கப்படும், சில பகிர்வுகள் சுருக்கிய பட்டியலையே தருகின்றன. ஆகவே உங்கள் நிறுவல் தொகுப்பு அந்தப் பட்டியலில் பெயரைத் தேடி எண்ணைப் பெறும்படி எழுதப்பட்டிருக்கக் கூடாது. லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பான எஸ்ஈலினக்ஸ் இயங்கும் கணினிகளில் எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் காத்திருக்கலாம் என்பதற்குத் தனிக் கொள்கை உண்டு; அதற்கான வரையறையையும் ஃபயர்வால் சேவைக் கோப்பையும் முதல் வெளியீட்டிலேயே தொகுப்போடு சேர்த்துவிடுங்கள்.